பார்த்திப வருஷம், தை மாதம்: ரங்கூனிலிருந்து வந்த சிப்பாய்க் கடிதம் எந்தக் காலத்தது?

கேள்வி: நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு. பரணில் இருந்த தகரப் பெட்டியில் ஒரு பழைய கடிதம் கிடைத்தது. பட்டாளத்தில் இருந்த என் தாத்தாவின் தாத்தா ரங்கூனிலிருந்து தம் தகப்பனாருக்கு எழுதியதாம். உறை இல்லை. 'பார்த்திப' என்பதும் 'தை' என்பதும் படிக்க முடிகிறது. பக்கத்தில் 'யஉ' என்று ஏதோ எழுதியிருக்கிறது. 1824-இல் நடந்த பர்மா சண்டைக்குப் போனவர் அவர் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது சரியா? சண்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் பசுமாட்டையும் பணத்தையும் பற்றியே எழுதியிருக்கிறாரே, ஏன்? எங்கள் ஊருக்கு 'வட ஆற்காடு ஜில்லா' என்று ஏன் போட்டிருக்கிறார்? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: படத்தைப் பெரிதாக்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நான் சித்தூர்ப் பக்கத்தில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய கடிதங்களைப் படிப்பது வேலையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் முன்னோர் போனது 1824-இல் தொடங்கிய சண்டைக்கு அல்ல. இந்தக் கடிதம் 1886 ஜனவரியில் எழுதப்பட்டது. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்லாதீர்கள். இந்தத் தேதி யாரையும் அறுபது வருஷம் தள்ளிவிடக்கூடிய தேதி.

தலைப்பில் உள்ள 'உ' பிள்ளையார் சுழி. அடுத்த வரியில் 'பார்த்திப' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சுழிப்பு இருக்கிறதே, அது ௵, வருஷக் குறி. 'தை'க்குப் பின்னால் வருவது ௴, மாதக் குறி. நீங்கள் 'யஉ' என்று படித்தது எழுத்தல்ல, எண். தமிழில் ௰ என்றால் பத்து, ௨ என்றால் இரண்டு. ஆக ௰௨ என்பது பன்னிரண்டு. அதற்குப் பின்னால் இருப்பது ௳, நாள் குறி. மூன்றையும் சேர்த்தால் 'பார்த்திப வருஷம் தை மாதம் 12-ஆம் நாள்'. கீழே 'ரு' என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடிய எழுத்து ௫, அதாவது ஐந்து. அதன் முன்னால் இருப்பது ௹, ரூபாய்க் குறி. இவற்றையெல்லாம் நம் தலைமுறைக்கே பள்ளியில் சொல்லித் தரவில்லை. தெலுங்கில் படித்த உங்களுக்குத் தெரியாததில் வியப்பு என்ன?

படிக்கச் சிரமமாக இருப்பதற்கு இன்னொரு காரணம், எழுதியவர் புள்ளி வைக்கவில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓட்டை விழும். அந்தப் பழக்கம் காகிதத்துக்கு வந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. 'ர'வும் காலும் ஒரே மாதிரி கோடுதான். எகர ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. அதனால் 'தகப்பனார்' என்பது படத்தில் 'தகபபனரர' என்று தெரிகிறது. வாய்விட்டுப் படியுங்கள், கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இப்போது வருஷத்துக்கு வருவோம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள், திரும்பத் திரும்ப வருகின்றன. 2005-06 பார்த்திப வருஷம். அறுபது அறுபதாகப் பின்னால் போனால் 1945-46, 1885-86, 1825-26. கடைசி இரண்டையும் கவனியுங்கள். முதலாம் பர்மா போர் 1824 முதல் 1826 வரை நடந்தது. மூன்றாம் பர்மா போர் 1885 நவம்பரில் தொடங்கியது. அதாவது, பார்த்திப வருஷத்துத் தை மாதத்தில் சென்னைப் படைச் சிப்பாய் ஒருவர் ரங்கூனில் உட்கார்ந்து கடிதம் எழுதுவது 1826 ஜனவரியிலும் நடந்திருக்கலாம், 1886 ஜனவரியிலும் நடந்திருக்கலாம். முதல் முறை, 1824 மே மாதமே ரங்கூனைப் பிடித்துவிட்ட கம்பெனிப் படை, ஐராவதி ஆற்றோரமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தை மாதம் முடிந்த சில நாட்களில், 1826 பிப்ரவரி 24-ஆம் தேதி, போரை முடித்த யாண்டபோ உடன்படிக்கை கையெழுத்தானது. இரண்டாம் முறை, பர்மாவின் தலைநகரம் மாண்டலே விழுந்து அந்நாட்டு ராஜா தீபா சரணடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. 1886 ஜனவரி 1-ஆம் தேதி மேல் பர்மாவைப் பிரிட்டிஷ் அரசு இணைத்துக்கொண்டதாக அறிவித்தாகிவிட்டது. இரண்டு முறையும் போனவர்களில் நம் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் ஏராளம். இப்படி ஒரு பொருத்தம் அமைந்தால் எந்தக் குடும்பத்துக் கதையும் குழம்பத்தான் செய்யும்.

(தெலுங்குப் பஞ்சாங்கத்திலும் இதே அறுபது பெயர்கள்தான். ஆனால் அவர்கள் வருஷம் யுகாதியில் பிறக்கிறது, நம்முடையது சித்திரையில். இடைப்பட்ட அந்தச் சில நாட்களில் எழுதிய பத்திரமோ கடிதமோ கிடைத்தால், எழுதியவர் எந்தக் கணக்கு என்று பார்க்க வேண்டும். நம் எல்லைப் பக்கத்து வீடுகளில் இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். தை மாதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.)

அப்படியானால் 1886 என்று எப்படி இவ்வளவு துணிவாகச் சொல்கிறேன்? எட்டாவது வரியைப் பாருங்கள்: '௹ ௫ மணியாடர் செய்திருக்கிறது'. அந்த ஒரு சொல் போதும். தபால் அலுவலகம் மணியார்டரை ஏற்று நடத்தத் தொடங்கியது 1880 ஜனவரி 1-ஆம் தேதி. 1860-களிலிருந்து அரசுக் கருவூலங்கள் வழியாகப் பணம் அனுப்பும் முறை ஒன்று இருந்தது. ஆனால் 1826-இல் மணியார்டரும் இல்லை, தபால்தலையும் இல்லை. அந்தக் காலத்துச் சிப்பாய் பணம் அனுப்ப வேண்டுமென்றால், சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி கப்பல் ஏறுவதற்கு முன்பே ரெஜிமெண்டில் எழுதிவைத்துவிட்டுப் போவார், அல்லது ஊர் திரும்புகிறவர் மடியில் கட்டி அனுப்புவார்.

இரண்டாவது சான்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. தாத்தாவின் தாத்தா என்கிறீர்கள், அதாவது ஓட்டன். உங்கள் தாத்தா 1930-களில் பிறந்தவர் என்று வைத்துக்கொண்டால், அவருடைய தாத்தா 1860-களில் பிறந்திருப்பார். 1886-இல் இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர். 1826-இல் துப்பாக்கி தூக்கியவர் என்றால் 1800-ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். நடுவில் இன்னும் இரண்டு தலைமுறையையாவது நீங்கள் தொலைத்திருக்க வேண்டும்.

'வட ஆற்காடு ஜில்லா' என்பதில் தவறு ஏதும் இல்லை. 1911-இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. அதற்கு முன் நகரி, புத்தூர், திருத்தணி எல்லாம் வட ஆற்காட்டில், கார்வேட்டிநகரம் ஜமீனுக்கு உட்பட்ட பகுதிகள். வட ஆற்காட்டுக்கே தலைநகரம் சித்தூர்தான்! 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நகரி ஆந்திராவில் நின்றது. உங்கள் ஓட்டன் எழுதிய காலத்தில் நடுவில் கோடு இல்லை.

கடிதம் வந்த வழியையும் சொல்ல வேண்டும், என் தொழில் அல்லவா. 1826-ஆக இருந்திருந்தால் பாய்மரக் கப்பல், காற்றுக்குக் காத்திருத்தல், சென்னையில் துறைமுகம் கிடையாது என்பதால் அலையைத் தாண்டி மசூலாப் படகில் கரைக்கு வருதல், அப்புறம் ஓட்டத் தபால்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஊர் சேர்த்தல். தூரத்துக்குத் தகுந்த கட்டணம். 1886-இல் எல்லாமே மாறியிருந்தது. பர்மா, தபால் கணக்கில் உள்நாடு. ரங்கூனிலிருந்து நகரிக்கும் அரை அணாத் தபால்தலைதான். அந்தச் சீரான கட்டணம் வந்தது 1854 அக்டோபரில். அதே 1854 சட்டத்தோடு சிப்பாய்களுக்கு இருந்த இலவசத் தபால் சலுகை போய்விட்டது; வடக்கே 1857-க்கு முன் குமுறிக்கொண்டிருந்த மனக்குறைகளில் இதுவும் ஒன்று. வங்காள விரிகுடாவில் நீராவிக் கப்பல் தபால் சுமந்தது. சென்னையிலிருந்து பம்பாய்க்குப் போகும் ரயில் பாதை 1871-லேயே முழுமையாகிவிட்டது. அது அரக்கோணம், திருத்தணி, புத்தூர் வழியாகப் போகும் பாதை, உங்கள் ஊர் வாசல் என்றே சொல்லலாம். 1879-இலிருந்து கால் அணாவுக்குத் தபால் அட்டையும் கிடைத்தது. அட்டை வாங்காமல் இரண்டு மடங்கு செலவு செய்து தாளில் எழுதியிருக்கிறார் என்றால் சொல்ல நிறைய இருந்தது என்று பொருள். ஏழு ரூபாய்ச் சம்பளக்காரருக்குக் கால் அணாவும் கணக்குத்தான்.

ஆம், சம்பளம் ஏழு ரூபாய். நூற்றாண்டின் பெரும்பகுதிக்குக் காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் அதுதான். 1895-இல்தான் ஒன்பது ஆனது. கடல் கடந்த சேவையில் சாப்பாட்டுப் படி சர்க்கார் கொடுத்ததால் ஐந்து ரூபாயை ஊருக்கு அனுப்ப முடிந்திருக்கிறது. ஏழில் ஐந்து! இதைப் படித்துவிட்டுச் சண்டையைப் பற்றி எதுவும் இல்லை என்று வருத்தப்படுகிறீர்களே.

உங்கள் முக்கியமான கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதிய கை உங்கள் ஓட்டனுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. எழுத்து வேகமாக, பழகிய சுழிப்போடு ஓடுகிறது. தினமும் எழுதுகிறவர் கை. படையில் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், மற்றவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவார்கள். இந்த முனையில் அப்படி என்றால், நகரி முனையில் தகப்பனாருக்கும் படிக்கத் தெரிந்திருக்காது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரோ தபால்காரரோ படித்துக் காட்டியிருப்பார். சுற்றிலும் அண்டை வீட்டார் நின்றிருப்பார்கள். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் இத்தனை பேர் இருக்கும்போது மனத்தில் உள்ளதை எப்படிச் சொல்வது? 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதி அனுப்பவும்' என்ற வாய்ப்பாட்டுக்குள் ஒதுங்கிக்கொள்வதுதான் வழி.

1970-களில் பலமநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் கிளை அஞ்சலகத்துக்குப் போய்வந்த காலத்தில் ஒரு பாட்டி, ராணுவத்தில் இருந்த மகனுக்கு என்னைக் கடிதம் எழுதச் சொன்னார். கிணறு வற்றிவிட்டது, மருமகளோடு பேச்சு இல்லை, காலில் வீக்கம் என்று அரை மணி நேரம் அழுதார். நான் பேனாவைத் திறந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுது" என்றார். வேறு ஒன்றும் எழுத விடவில்லை. அன்றிலிருந்து 'சௌக்கியம்' என்ற சொல்லை நான் அப்படியே நம்புவதில்லை.

உங்கள் கடிதத்தின் 'க்ஷேம'த்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மாண்டலேயைப் பிடிக்க இரண்டு வாரம்தான் ஆனது. அதற்குப் பிறகு காட்டுக்குள் சிதறிய கூட்டங்களோடு நடந்த சண்டை வருஷக்கணக்கில் நீண்டது. குண்டைவிடக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அதிகம் பேரைக் கொண்டுபோயின. சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஹெர்பர்ட் மெக்ஃபர்சன் பர்மாவுக்கு வந்து 1886 அக்டோபரில் காய்ச்சலில்தான் இறந்தார். தளபதிக்கே அந்தக் கதி என்றால் சிப்பாய் எந்த மூலைக்கு? ரங்கூனில் இருந்த உங்கள் ஓட்டனுக்கு அந்த ஆபத்து அந்தத் தை மாதத்திலேயே தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அவர் கேட்பது: செவலைப் பசு ஈன்றதா, கன்று கிடாரியா காளையா, வட்டிக் கடனில் எவ்வளவு அடைந்தது. பசு ஈன்றதா என்று கேட்பவர் தான் கிளம்பிய நாளிலிருந்து மாதத்தை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். போரைத் தேடாதீர்கள் இந்தக் கடிதத்தில். அவர் கண் முழுக்க உங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்தது.

ஒரு வேடிக்கை: அவர் ரங்கூனில் இருந்த அதே தை மாதத்தில், நாடு கடத்தப்பட்ட பர்மா ராஜா தீபா சென்னையில் வைக்கப்பட்டிருந்தார். அதன் பிறகுதான் ரத்னகிரிக்குக் கொண்டுபோனார்கள். நகரி ஆள் ரங்கூனில், மாண்டலே ராஜா சென்னையில்.

இப்படி ஒரு கடிதம் கிடைப்பது அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னைப் படைச் சிப்பாய்கள் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூடவே வைத்துக்கொண்டவர்கள். ரெஜிமெண்ட் ஒரு கண்டோன்மெண்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தால் குடும்பமும் பின்னாலேயே நடக்கும். பையன்களை 'ரெக்ரூட் பாய்' என்று படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். குடும்பம் பக்கத்தில் இருக்கும்போது கடிதம் எதற்கு? கடல் நடுவில் வந்தால்தான் கடிதம் பிறந்தது. ஜாவா, பர்மா, சீனா என்று சென்னைச் சிப்பாய்கள் நூற்றாண்டு முழுக்கக் கப்பல் ஏறினார்கள். 1841-இல் கான்டன் அருகே 37-ஆம் சென்னைக் காலாட்படையின் ஒரு கம்பெனி பெருமழையில் வழி தவறி, மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்காமல், வெறும் சனியனோடு கூட்டத்துக்கு நடுவில் நின்றது. (சனியன் என்றால் கிரகம் அல்ல, துப்பாக்கி முனைக் கத்தி.) அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

உங்கள் குடும்பத்தில் அவருக்குப் பிறகு யாரும் பட்டாளத்துக்குப் போகவில்லை என்றால் அதற்கும் காரணம் உண்டு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆட்கள் போருக்கு ஆகமாட்டார்கள் என்று முடிவு கட்டியவர். பிறகு இந்தியப் படை முழுவதற்கும் அவரே தலைவரானார். வடமேற்கிலிருந்து ஆள் எடுப்பது கூடியது, தமிழர், தெலுங்கர் கொண்ட ரெஜிமெண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன அல்லது வேறு இனத்தாரைக் கொண்டு நிரப்பப்பட்டன. 1895-இல் சென்னைப் படை என்ற தனிப் படையே இல்லாமல் போனது. பர்மாக் காட்டில் காய்ச்சலோடு நின்றவர்களுக்குக் கிடைத்த சன்மானம் அது. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

மேலும் தேட விரும்பினால் ரெஜிமெண்ட் எண் வேண்டும். அது இல்லாமல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் பெட்டி பெட்டியாகப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவீர்கள். எண் கிடைக்கச் சுலபமான இடம் பதக்கம். வீட்டில் பழைய வெள்ளிப் பதக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பெண்வழி உறவினர் வீடுகளிலும் கேளுங்கள். விக்டோரியா மகாராணி தலையும், ரிப்பனின் குறுக்கே 'பர்மா 1885-7' என்ற பட்டையும் இருந்தால், விளிம்பைப் பாருங்கள். அங்கே எண், பெயர், ரெஜிமெண்ட் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். மாறாக, சிங்கத்தின் முன் யானை மண்டியிட்டிருக்கும் பதக்கம் கிடைத்தால் அது 1824-26 போருக்குக் கம்பெனி கொடுத்தது. அப்போது நான் சொன்னதைத் திருத்திக்கொண்டு, இன்னொரு மூத்தவரும் உங்கள் வீட்டிலிருந்து போயிருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறேன். வெள்ளி என்பதால் பல பதக்கங்கள் கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறிவிட்டன, அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். செலோடேப்பும் வேண்டாம். மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது. மடிக்காமல், இரண்டு சுத்தமான பருத்தித் தாளுக்கு நடுவில், தட்டையாக வைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே ஒரு முறை பிடித்துப் பாருங்கள், தாளுக்குள் நீரோட்டமாக ஆலையின் பெயரோ ஆண்டோ தெரிந்தால் தேதிக்கு இன்னொரு சாட்சி.

கடைசியாக, இடது மூலையில் யாரோ குழந்தை கிறுக்கியதாக நீங்கள் படத்தில் வட்டமிட்டுக் காட்டிய இடம். வேறு மை, வேறு கை. 'வ'வுக்கு வால் முளைத்தது போல் இருக்கும் அந்தச் சுழிப்பு கிறுக்கல் அல்ல. அது ௷. கணக்கு எழுதுகிறவர்கள் போடும் வரவுக் குறி. பக்கத்தில் ௹ ௫ என்று இருக்கிறது. நகரியில் யாரோ கடிதத்தின் மேலேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்: ஐந்து ரூபாய், வரவு.